அறிமுகக் கூட்டம்

பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகும் பஸ்ஸும் பல்கலைக்கழகத் திணைக்களத்தின் அறிமுகக் கூட்டமும் ஒரே காலையில் வந்துவிட்டன.

விடுதிச் சுவரில் ஒட்டியிருந்த வரவேற்பு வார அறிவித்தலின் முன்னால் கண்ணகையும் அவளுடைய அறைத்தோழி அஜந்தாவும் நின்றார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் பின்னாலிருந்து நெருக்கித்தள்ளினார்கள்.

அஜந்தா களுவாஞ்சிக்குடிக்காரி. எதற்குப் போவது, எதைத் தவிர்ப்பது என்பதில் அவளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. நூலகம் எங்கேயும் ஓடிவிடாது, பிறகு பார்க்கலாம். வலைப்பந்து தெரிவுக்குப் போனால் முழங்கால்தான் உடையும். கலைவிழாவை மட்டும் விடக்கூடாது.

கண்ணகை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கண் மட்டும் ஒரு வரியை விட்டு நகரவில்லை.

அறிமுகக் கூட்டத்தை நடத்துபவர், உதவி விரிவுரையாளர் உதயரூபன்.

“அந்தக் கூட்டத்தில என்னக்கா இரிக்கு? பேரும் பள்ளிக்கூடமும் சொல்லிப்போட்டு வாறதுதானே. பாசிக்குடா போவம் வாங்க.”

“நீ போயிற்று வா. நான் கூட்டத்துக்குப் போறன்.”

அஜந்தாவின் முகம் மாறியது. கண்ணகை மாங்கேணிக்காரி என்பதும் அவளுடைய அம்மாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது என்பதும் அவளுக்குத் தெரியும். யோசிக்காமல் கேட்டுவிட்டேனே என்பதுபோல் கண்ணகையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணகை அவளைத் திருத்தவில்லை.

கடலுக்குப் பயந்ததெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. அம்மாவை எடுத்த அதே கரையில் கருவாடு காயப்போட்டுத்தான் அவள் பிறகும் சீவித்தாள். இப்போது பயம் அந்தக் கூட்டத்துக்குத்தான்.

காலையில் பிள்ளைகள் துவாயும் சாப்பாட்டுப் பொதியுமாகப் பஸ்ஸில் ஏறினார்கள். அஜந்தா யன்னலால் தலையை நீட்டி, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினாள். அது இன்னும் காலியாகத்தான் இருந்தது.

கண்ணகை ஒரு நிமிடம் வாசலில் நின்றாள்.

ஏறிவிடலாம். ஆனால் நாளைக்கும் அந்தக் கட்டடம் அங்கேதான் இருக்கும். நாலு வருசம் ஒருவருடைய கண்ணில் படாமல் அவருடைய வகுப்பிலேயே இருந்து படிக்க ஏலாது. ஒளித்துத் திரிந்ததும் போதும்.

பஸ் வெளிக்கிட்டதும் திரும்பி மண்டபத்தை நோக்கி நடந்தாள்.

அங்கே பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. பின்வரிசைகளில் இருந்தவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் முன்வரிசையில் போய் இருந்தாள்.

உதயரூபன் வந்தார். வெள்ளைச் சேட்டு, மூக்குக்கண்ணாடி, முன்நெற்றியில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. வணக்கம் சொன்னார். அவளைக் கண்டார். சொல்ல வந்தது மறந்துபோனவர்போல் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேர், படித்த பள்ளிக்கூடம், உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கண்ணகைக்கு இந்தப் பக்கம் இருந்த பெண் சொல்லி முடித்ததும், அவர் அவளைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த பையனுக்குக் கை காட்டினார்.

அவன் பாதி எழும்பிவிட்டான். கண்ணகையும் எழும்பினாள்.

“சேர், என்னை விட்டுட்டீங்க.”

பையன் மறுபடி கதிரையில் இருந்துகொண்டான்.

தன் பேரைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். இரண்டாயிரத்து மூன்றில் எழுதவேண்டிய பரீட்சையைப் போன வருடம்தான் எழுதியதாகவும் சொன்னாள். பின்னால் ஒருவன் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான். ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாதென்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“இருங்க,” என்றார் உதயரூபன். கதிரையைக் காட்டினார்.

கூட்டம் கலைந்ததும் விறாந்தையில் அவளுக்குப் பின்னால் வேகமாக வந்தார்.

“கண்ணகை,” என்றார். “அண்டைக்கு நான் திரும்பிப் பார்த்திருக்கோணும்.”

அன்றைக்கு அவர்கள் இருவரும் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே பாடம். பிள்ளைபிடிக்கும் இயக்க வாகனத்தைக் கண்டதும் சைக்கிள்களைப் போட்டுவிட்டு வயலுக்குள் இறங்கி ஓடினார்கள். முள்ளுக்கம்பி வேலியை அவன் தாண்டினான். அவளுடைய பாவாடை கம்பியில் மாட்டிக்கொண்டது.

அந்த வருடம் அவன் பரீட்சை எழுதினான். அவள் துவக்குத் தூக்கினாள்.

இயக்கம் விட்டு அவள் வீட்டுக்கு வந்த வருடமே கடல் வந்தது. கடல் அடங்க ஷெல் வந்தது. முகாம் முகாமாகத் திரிந்து, ஊருக்குத் திரும்பி, கைக்குப் புத்தகம் வர இவ்வளவு காலம் பிடித்தது.

இந்த முகத்தைக் கண்டால் சொல்லவென்று எத்தனையோ வைத்திருந்தாள். காவலுக்கு நின்ற இடங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கருவாட்டுக்கு உப்புப் போடும்போதும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். திரும்பியிருந்தால் இரண்டு பேரையும்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் தலை குனிந்து நின்றார். கழற்றிய பிறகு அது பழைய உதயரூபனுடைய முகமாகவே இருந்தது.

“நாளைக்கு வகுப்பு எத்தின மணிக்கு, சேர்?” என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

“எட்டுக்கு. பிந்தி வரப்படாது.”

“பிந்த மாட்டன்.”