கைக்கெட்டும் உயரம்

அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்பதற்கு அந்தப் புத்தக அலமாரி ஒன்றே போதும் என்று ஆடிட்டரான மகனுக்குத் தோன்றியது. அவரோ ஆறடி மனிதர். ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்த அலமாரி சுவர் முழுக்க ஓடியது. ஆனால் அவர் நெஞ்சு உயரத்துக்கு மேல் ஒரு தட்டுகூட இல்லை.

"என்னப்பா இது? பாதியில மரம் தீந்து போச்சா?"

"அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கு" என்றார் அப்பா. துப்பறியும் நாவல்களைக் குனிந்து குனிந்து அடுக்கியதில் முதுகு பிடித்துக்கொள்ள, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

அப்பா பல் டாக்டர். அம்மா போன பிறகு மகன் வீட்டோடு இருந்தவர், திடீரென்று கிளினிக்கை விற்று, தோட்டத்தோடு இந்தச் சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "ஆயுசு பூரா ஊரார் வாயில கை வச்சேன். இனிமே என் விஷயத்துல யாரும் வாய் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

அவர் போனதும் ஆடிட்டர் வீட்டு நிர்வாகம் படுத்துவிட்டது. பையனை ஸ்கூலில் விட ஆளில்லை. வேலைக்கார அம்மாவுக்குக் கதவு திறக்க ஆளில்லை. நாயை வெளியே கூட்டிப்போக யாருமில்லாததால் அது சோபாவையே வெளியாக நினைத்துக்கொண்டது. மாமியாரைக் கூப்பிட்டுப் பார்த்தான். ஃபிளாட்டில் தனியாகச் சும்மா இருக்கிறவர், ஏதோ கிளாஸுக்குப் போவதாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பாவை அள்ளிப் போட்டுக்கொண்டு போவதற்கென்றே காரின் பின்சீட்டைக் காலி செய்துகொண்டு வந்திருந்தான்.

"தனியா இருக்கீங்க. கீழ விழுந்து வச்சா யாருப்பா தூக்குறது?"

"விழும்போது பாத்துக்கலாம்."

"இதுல தோட்டம் வேற! கள்ளிச்செடியையே பட்டுப்போக வச்ச ஆளு நீங்க."

அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே தக்காளிச் செடிகளுக்கு வரிசையாகக் குச்சி நட்டு, பீன்ஸ் கொடிக்குக் கயிறு கட்டி, ஒரு களை இல்லாமல் தோட்டம் பளிச்சென்று இருந்தது. நல்ல தோட்டக்காரனாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார் போல என்று ஆடிட்டர் நினைத்துக்கொண்டான்.

அப்போது மூலையில் உட்கார்ந்து கதவுக்குக் கைப்பிடி முடுக்கிக்கொண்டிருந்த தச்சர் தலையைத் தூக்கினார்.

"சார், மேல் தட்டு மேடத்துக்கு எட்டுதான்னு ஒரு தடவ பாக்கச் சொல்லிடுங்க. அப்புறம் உயரம் ஜாஸ்தின்னு என்னைத்தான் காய்ச்சுவாங்க."

அப்பா கையிலிருந்த நாவலைத் தலைகீழாகச் சொருகினார்.

"எந்த மேடம்?" என்றான் ஆடிட்டர்.

தச்சருக்கு நிலவரம் புரிந்துவிட்டது. "ஸ்குரூ வண்டியில இருக்கு" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு நழுவினார்.

"போன வாரம்தான் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம்" என்றார் அப்பா. ஊசி குத்தும்போது 'எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்' என்பாரே, அதே குரல்.

ஆடிட்டர் பக்கத்திலிருந்த அட்டைப் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தான். பெட்டி அவனோடு சேர்ந்து மெல்லக் கீழே இறங்கியது.

"இந்த வயசுலயா?"

"இன்னும் கொஞ்சம் வயசாகட்டும்னு காத்திருந்தா ரெண்டு பேருக்கும் பல்லே இருக்காது."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன்னப் பத்திக் கவலையில்லடா. உன் பொண்டாட்டிய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ஆடிட்டருக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தின் பின்னாலேயே அவன் தொழில் புத்தியும் வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒருத்தர் வந்தால் பையனை ஸ்கூலில் கொண்டுபோய் விடலாம். இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஸ்கூலுக்கு, ஒருவர் நாய்க்கு; லீவில் பையனையும் நாயையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, கணவனும் மனைவியும் நிம்மதியாக எங்காவது போய்வரலாம்.

எப்படிக் கூட்டிக் கழித்தாலும் லாபம். பெட்டிக்குள்ளிருந்து தன்னைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தவன், பேண்ட்டைத் தட்டிவிட்டு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோல் தொண்டையைச் செருமினான்.

"அப்பா, நான் ஒண்ணும் பழைய பஞ்சாங்கம் இல்ல. அவங்க யாரா இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் கிளம்பி நம்ம வீட்டுக்கே வந்துடுங்க."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்! என்ன ஜாதி, என்ன குடும்பம்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

"உன் பொண்டாட்டி?"

"அவள நான் சமாளிச்சுக்கறேன். மாமியார்னு ஒருத்தர் வீட்டுல இருந்து அவளுக்குப் பழக்கமில்ல, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அதுக்கெல்லாம் பயப்படாதீங்க."

அப்பா தலைகீழாகச் சொருகிய நாவலை உருவி நேராக வைத்தார்.

"என்னப் பொறுத்தவரைக்கும் இந்த நிமிஷத்துலேர்ந்து அவங்கதான் எனக்கு அம்மா" என்றான் ஆடிட்டர். "வாய் நிறைய அம்மான்னே கூப்பிடப் போறேன்!"

தன் பெருந்தன்மையை நினைத்து அவனுக்கே கண் கலங்கியது. அப்பா அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், தோட்டத்துக் கதவைப் பார்த்து அசடு வழிந்துகொண்டிருந்தார்.

ஆடிட்டர் திரும்பினான். கையெல்லாம் ஈரமண்ணோடு நின்ற அந்தக் குள்ளமான அம்மாள், முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அம்மால்லாம் வேணாம் மாப்பிள்ளை, எப்பவும்போல அத்தைன்னே கூப்பிடுங்க."