ஒத்தக்கொம்பன் படுத்துவிட்டால்

"வண்டி ஒங்களுது. வண்டிக்காரனும் ஒங்க ஆளு. நான் ஒரு நடை சரக்கு ஏத்த மட்டும் கூப்பிடுதேன். கப்பல்ல அதுக்குப் பேரு வாயேஜ் சார்ட்டர். புரியுதாப்பா?"

"புரியுது. அடுத்ததச் சொல்லு," என்றார் சுவிசேஷமுத்து, மகள் ஞானதீபத்திடம். கண் வாசலிலேயே இருந்தது. தூத்துக்குடி பஸ் வந்துவிடும் நேரம்.

"அதே வண்டி, அதே ஆளு. ஆனா மாச வாடகைக்கு எடுக்கேன். எங்க போகணும், எத ஏத்தணும்னு நான்தான் சொல்லுவேன். காளைக்குத் தீனியும் என் பொறுப்பு. கப்பலுக்கு எண்ணெய் போடுத மாதிரி. அது டைம் சார்ட்டர்."

"மூணாவது?"

"வெறும் வண்டிய மட்டும் வாங்கிட்டுப் போறேன். ஓட்டுதவனும் என் ஆளு. அது பேர்போட் சார்ட்டர்."

சுவிசேஷமுத்துவின் உதடுகள் வேத வசனம் மனப்பாடம் செய்வதுபோல் அசைந்தன.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சுந்தரபாய் எட்டிப் பார்த்தாள். "வாரவுங்க பொண்ணு பாக்க வாராவளா, பரீட்சை எழுத வாராவளா?"

"பெரியவளுக்குப் பரீட்சை வைக்காமத்தான விட்டோம்."

சுந்தரபாய் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பெரியவளுக்கு வந்தவனும் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி வேலை என்றுதான் சொன்னான். சர்ச்சில் சபையே கேட்கக் கல்யாண ஓலை வாசித்த பிறகுதான், அவன் கப்பலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி என்று தெரிந்தது. கல்யாணம் நின்றது. பெரியவள் இன்றைக்கும் ஆராதனை தொடங்கிய பிறகுதான் சர்ச்சுக்குள் நுழைவாள். கடைசி பெஞ்சில் உட்காருவாள்.

இப்போது சின்னவள் ஞானதீபத்துக்கு வந்திருப்பதும் தூத்துக்குடி, அதே கப்பல் கம்பெனி வேலை. நல்ல பையன் என்கிறார் பாஸ்டர். போன தடவையும் அப்படித்தான் சொன்னார். இன்னொரு பெண்ணைக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்க சுவிசேஷமுத்துவுக்குத் தெம்பில்லை.

"ஆமா, ஒனக்கு இதெல்லாம் எப்படிட்டி தெரியும்?"

"சரக்குக் கிட்டங்கியில டைப் அடிக்கேன்லா. நம்ம ஊரு நிலாவாரை மருந்து இலை கப்பல்லதான சீமைக்குப் போவுது. தூத்துக்குடியில இருந்து போன் வரும், நான்தான் கேட்டுக் குறிக்கணும். கேட்டுக் கேட்டு வந்ததுதான்."

"ஆஃப் ஹயர்னு ஒண்ணு சொன்னியே?"

"மாச வாடகைக்கு எடுத்த கப்பல் மெஷின் கோளாறாகி நின்னுட்டுன்னா, நின்ன நேரத்துக்கு வாடகை கிடையாது."

அவர் விழித்தார்.

"நம்ம ஒத்தக்கொம்பன் பனவடலிசத்திரம் புளியமரத்தடியில படுத்துக்கிடும்லா? அது எழும்புதவரைக்கும் வாடகை ஓடாது. அவ்வளவுதான்ப்பா."

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். ஒரு கொம்பு ஒடிந்த அந்தக் காளை நிழலைக் கண்டால் படுத்துவிடும். சாட்டைக்கும் அசையாது. அதைச் சந்தையில் விற்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

"இது நல்லா மனசுல ஏறிட்டு. இதையும் கேக்கேன்."

ஞானதீபத்தின் முகம் மாறியது. "இது வேண்டாம்ப்பா. கஷ்டமான கேள்வி. மத்த மூணும் போதும்."

"கஷ்டமானதுலதான் அவன் மாட்டுவான் மக்கா."

வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

மாப்பிள்ளைப் பையன் பவுல்பாண்டியன் தன் அம்மாவோடும் தாய்மாமனோடும் வந்திருந்தான். பாயில் உட்கார்ந்ததும் தாய்மாமன் ஜெபம் பண்ணினார். சுவிசேஷமுத்து ஒரு கண்ணைத் திறந்து பையனைப் பார்த்தார். அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

"வீட்டக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சோ?"

"ஆமாய்யா. சங்கரன்கோவிலுக்கே இப்பத்தான் முதல் தடவை வாரேன்."

"கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்ல வேலைன்னு சொன்னாவ. வாயேஜ் சார்ட்டர்னா என்ன தம்பி?"

தாய்மாமன் சிரித்தார். "என்ன அண்ணாச்சி, வேலைக்கு எடுத்த அன்னைக்குக்கூட இவ்வளவு கேக்கலயே."

பவுல்பாண்டியன் சொன்னான். டைம் சார்ட்டரைச் சொன்னான். பேர்போட்டையும் சொன்னான். எல்லாம் சரி. ஆனாலும் சுவிசேஷமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை. பெரியவளுக்கு வந்த பயலும் இப்படி வாய் நிறையத்தான் பேசினான். இதை இவன் யாரிடமாவது கேட்டு உருப்போட்டு வந்திருந்தால்?

"சரி. ஆஃப் ஹயர்னா?"

காப்பித் தட்டோடு வந்த ஞானதீபம் குறுக்கிட்டாள். "அப்பா, காப்பி ஆறுது."

"ஆறட்டும்."

மூன்றிலும் தேறிவிட்ட நிம்மதி பையனுக்கு. "இது ரொம்ப லேசுய்யா. மாச வாடகைக்கு எடுத்த வண்டின்னு வைங்க. பனவடலிசத்திரம் புளியமரத்தடியில ஒத்தக்கொம்பன் படுத்துக்கிட்டு. அது எழும்புதவரைக்கும் வாடகை ஓடாது."

தட்டில் தம்ளர்கள் கிணுகிணுத்தன.

சுவிசேஷமுத்து பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஊர்ப் பக்கமே வராதவன். இவனுக்கு எப்படித் தெரியும் என் காளையை? யாரிடம் துப்புக் கேட்டிருக்கிறான்? எதற்கு?

பதறித் திரும்பினார். சுந்தரபாய் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவுல்பாண்டியனும் திடீரென்று அதே தரையைத்தான் பார்த்தான்.

சுவிசேஷமுத்து ஒரு தம்ளரை எடுத்துத் தன் கையாலேயே அவனிடம் நீட்டினார்.

"பதில் சரிதான் தம்பி. இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஒத்தக்கொம்பன வித்தே ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்கும் முந்தியிலிருந்தே எங்க பிள்ளை கிட்டங்கிக்குப் போன் போடுதவரு நீங்கதானா?"