பெரியவருக்குப் பெரிய சிலந்தி

விழா தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ரூபியாவின் செல்போனுக்கு பெங்களூர் லேபிலிருந்து முடிவு வந்தது.

இரண்டு சிலந்தியும் ஒன்றுதான்.

"ஒண்ணுன்னா?" என்றார் விலங்கியல் துறைத் தலைவர் ஏசுவடியான். புதிதாகக் கட்டியிருந்த டை கழுத்தை இறுக்கியது.

"ஒரே இனம் சார். டி.என்.ஏ. அப்படியே ஒத்துப்போகுது. பெருசு பொம்பளை, சிறுசு அதோட ஆம்பளை. புது இனம்தான், அதுல சந்தேகமில்ல. ஆனா ரெண்டு இல்ல."

ஏசுவடியான் வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு ஃபிளெக்ஸ் நின்றன.

ஒன்றில் கல்லூரித் தாளாளர் மகாராஜா, முறுக்கிய மீசையோடு. அவர் தோள் பக்கத்தில் மஞ்சள் வரி போட்ட பெரிய சிலந்தி. கீழே 'எட்டுக் காலுக்கும் பெயர் தந்த வள்ளலே' என்று எழுதியிருந்தது.

இன்னொன்றில் அவர் தம்பி, கல்லூரிச் செயலாளர் சண்முகையா. சிலந்தியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்ணன் தம்பி பேசி நாலு வருஷம் ஆகிறது. ரைஸ்மில்லைப் பிரித்தார்கள், தோப்பைப் பிரித்தார்கள், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா மண்டகப்படியைக்கூடத் தனித்தனியாக நடத்தினார்கள். கல்லூரி ஆய்வுக்கூடம் யாருக்கு என்பது மட்டும் முடிவாகவில்லை.

அண்ணன் அதற்கு ஒரு பூட்டுப் போட்டார். தம்பி அதன் மேல் ஒரு பூட்டுப் போட்டார்.

அதற்குப் பிறகு படித்த பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பைப் படத்தில் பார்த்தே பட்டம் வாங்கிப் போனார்கள். ரூபியா, கௌரவ விரிவுரையாளர், டி.என்.ஏ. பார்க்க அனுப்புவதற்காகச் சிலந்தியின் காலைக் கழற்றி ஸ்பிரிட்டில் போட்டதே கேன்டீன் மேசையில்தான். பக்கத்தில் பருப்பு வடை இருந்தது.

மேலநீலிதநல்லூர் போகிற வழியில் உடைமரத்தில் அந்தச் சிலந்திகள் கிடைத்தபோது ஏசுவடியானுக்கு யோசனை வந்தது. புது இனத்துக்குப் பேர் வைக்கும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஆளுக்கொரு சிலந்திக்கு அவர்கள் பேரை வைத்தால் ஆளுக்கொரு சாவியைக் கொடுப்பார்கள்.

கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். மேடையில், எல்லோரும் பார்க்க.

டி.என்.ஏ. பார்ப்பதெல்லாம் ஒரு சம்பிரதாயம் என்றே ஏசுவடியான் நினைத்திருந்தார். ஒன்று நெல்லிக்காய் அளவு. இன்னொன்று மிளகு அளவு. பெரியது பெரியவருக்கு, சின்னது சின்னவருக்கு. இதை வகைப்படுத்த எந்தப் புத்தகமும் வேண்டாம்.

சின்னவர் ஒரு மாதம் இறங்கி வரவில்லை. "அவனுக்கு மட்டும் அம்மாம் பெருசு, எனக்கு மூட்டைப்பூச்சியாவே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த மூட்டைப்பூச்சி வேறு ஒருமுறை காணாமல் போனது. இரண்டையும் உயிரோடு ஒரே பாட்டிலில் போட்டு வைத்திருந்தார்கள். காலையில் பார்த்தால் பெருசு மட்டும் இருந்தது. மூடியை ஒழுங்காகத் திருகத் தெரியாதா என்று ஏசுவடியான் எல்லோர் முன்னாலும் ரூபியாவைத் திட்டினார். அவளே வெயிலில் அலைந்து இன்னொரு சிறுசைப் பிடித்து வந்தாள்.

"மேடையில ரெண்டு இனம்னு நான் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் இப்போது.

"சொல்லாண்டாம்மா. நீ கடைசியில பேசு. சாவி ரெண்டும் கைக்கு வரட்டும்."

ஆனால் தாளாளரிடம் மறைத்தால் நாளைக்கு வேலை இருக்காது. ஏசுவடியான் மேடையேறி மகாராஜாவின் காதில் விஷயத்தைச் சொன்னார்.

சிலந்தி ஒன்றா இரண்டா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை.

"அப்போ என் பக்கத்துல இருக்கது பொட்டையாவே?" என்றார்.

மீசையைத் தடவி யோசித்தார். எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"என்ன இருந்தாலும் கூடப் பொறந்தவன். ஆசைப்பட்டுட்டான். பெருசு அவனுக்கே இருக்கட்டும். நான் சிறுசை எடுத்துக்கிடுதேன்."

இந்த வீட்டில் அண்ணன் எதையும் விட்டுக்கொடுத்ததாக வரலாறு இல்லை.

"எண்ணே!" என்று சண்முகையா காலில் விழுந்தார். அழுதார். மடியிலிருந்த சாவியை அவிழ்த்து ஏசுவடியான் கையில் வைத்தார். மகாராஜாவும் தன் சாவியை வைத்தார். கைதட்டல் ஓயவில்லை.

வாசலில் பிள்ளைகள் ஃபிளெக்ஸிலிருந்து சிலந்திகளை பிளேடால் வெட்டி மாற்றி ஒட்டினார்கள். பெருசு சண்முகையாவின் ஒரு காதை மறைத்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

கடைசியாக ரூபியா பேச வந்தாள்.

இரண்டும் ஒரே இனம் என்றாள். கீழே ஒரு சலசலப்பு.

பெருசு பெண் என்றாள்.

சண்முகையா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

சிறுசுதான் ஆண் என்றாள். மகாராஜா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்து, மீசையின் ஒரு முனையை முறுக்கிவிட்டார்.

சண்முகையா சாவியைத் திரும்பப் பிடுங்க ஏசுவடியான் பக்கம் திரும்பினார். நாற்காலி காலியாக இருந்தது. பக்கத்துக் கட்டிடத்தில் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

ரூபியாவும் அதைக் கேட்டாள்.

"கடைசியா ஒரே ஒரு படம்" என்றாள். "முதல் சிறுசு காணாமப்போன அன்னைக்குக் காலையில எடுத்தது. இன்னைக்குத்தான் பெருசாக்கிப் பாத்தேன். மூடி இறுக்கமாத்தான் இருந்திருக்கு."

மகாராஜா மீசையின் அடுத்த முனைக்குக் கையைக் கொண்டுபோனார்.

திரையில் பெருசு இருந்தது. அதன் வாயோரம் ஒரு சின்னக் கால்.