பின்னால் நிற்பவர்கள்

“பேச்சியம்மாளுக்கு!”

முஷ்டியை உயர்த்திக் கத்தினாள்.

“வேலை கொடு!”

பின்னாலிருந்து வந்த பதிலில் போர்ட்டிகோ மேலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை பேரா வந்திருக்கிறார்கள்?

திரும்பிப் பார்க்கக் கூடாது. கோஷம் போடுகிறவர் அலுவலகத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். இந்தச் சங்கத்தில் அப்படி ஒரு வழக்கம். நடுவில் திரும்பி ஆள் எண்ணினால், பயந்துவிட்டாள் என்று சாயங்காலம்வரை கேலி பேசுவார்கள்.

உணவு இடைவேளை. உச்சி வெயில். நிழல்கூடக் காலடியில் சுருண்டு கிடந்தது.

பேச்சியம்மாள் அந்த அலுவலகத்தைப் பெருக்கிக் கழுவுகிற ஒப்பந்த ஊழியர். காய்ச்சலில் படுத்து எழுந்து வந்தவரை, இனி வர வேண்டாம் என்று கேட்டோடு அனுப்பிவிட்டார்கள். உத்தரவு கிடையாது, காரணம் கிடையாது. வாய்வார்த்தைதான்.

இவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, மதியம் சாப்பிடாமல் பயந்துபோய் உட்கார்ந்திருந்தவளை அதட்டிச் சாப்பிட வைத்தது பேச்சியம்மாள் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் படித்தவர்கள். கவனிக்கவில்லை.

“பேச்சியம்மாளுக்கு!”

“வேலை கொடு!”

செண்பகவல்லி அக்காவின் குரல் இல்லை.

தபால் பிரிவு செண்பகவல்லி. கீச்சென்ற குரல். நூறு பேர் கத்தினாலும் தனியாகத் தெரியும். தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.

கோஷம் போடுகிற இவளுக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. முடியாதவர்கள் போராட்டத்தில் நின்றதாக ஒரு போட்டோ சிக்கினால் போதும், மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அப்பா செத்ததற்குக் கிடைத்த வேலை. அம்மாவும் தம்பியும் இந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

காலையில் தயங்கத்தான் செய்தாள். சங்கச் செயலாளர் அருணகிரி அண்ணன்தான் தைரியம் சொன்னார்.

“அதிகாரி இன்னைக்கு கேம்ப் போயிருக்காரு. யாரு பாக்கப் போறா? நீ முன்னால நில்லும்மா. பின்னால நாங்க இருக்கோம்லா.”

அண்ணன் சொன்னால் நம்பலாம். போன மாதம் அவரையே கூடலூருக்குத் தூக்கிப் போட்டார்கள். வந்த வேகத்தில் அந்த உத்தரவு ரத்தாகிவிட்டது. சங்கத்தின் வெற்றி என்று பிரிவு பிரிவாக லட்டு கொடுத்தார்கள். இவளும் ஒன்று வாங்கித் தின்றாள்.

“பேச்சியம்மாளுக்கு!”

“வேலை கொடு!”

டிரைவர் அண்ணனின் கட்டைக் குரலும் போய்விட்டது. எங்கோ ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம். மெதுவாக, ஓசைப்படாமல் நடக்க முயல்கிறவர்களின் செருப்புச் சத்தம்.

அவளுக்குப் பிடரி குறுகுறுத்தது.

இன்னும் ஒருமுறை கத்தினாள்.

பதில் வந்தது. ஒரே குரல். அருணகிரி அண்ணனின் குரல், கணீரென்று.

அவராவது நிற்கிறாரே. அந்த ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். அவர் சளைக்காமல் பதில் கொடுத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து யாரோ அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள்.

வெயிலடிக்கும் முற்றம் முழுக்கக் கண்ணாடியில் வந்து விழுந்தது.

முன்னால் அவள். பின்னால் வெறும் சரளைக் கல். பக்கத்து வராந்தாவில் தூணுக்குத் தூண் ஒதுங்கி, டிபன் பாக்ஸோடு எல்லோரும் நின்றார்கள். கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் அருணகிரி அண்ணன்.

அவர் கை உயர்ந்திருந்தது.

முஷ்டி என்றுதான் முதலில் நினைத்தாள்.

போன்.

போன மாதம் தின்ற லட்டு நினைவுக்கு வந்தது.

கூடலூர் உத்தரவு எப்படி ரத்தானது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“பேச்சியம்மாளுக்கு!”

இந்த முறை பதில் வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். போன் மட்டும் இறங்கவில்லை. அவள் திரும்புவதற்காகக் காத்திருக்கிறார்.

இதுவரை போனில் விழுந்திருப்பது அவள் முதுகும் பின்னலும்தான். முகம் இல்லை; கண்ணாடியில் தெரிவது கேட்டிலிருந்து போனுக்கு எட்டாது. இப்படியே நேராக நடந்து, கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால் வேலை தப்பிக்கும். அது யார் முதுகு என்று யாராலும் சாதிக்க முடியாது. வராந்தாவில் நிற்கிறவர்கள் சத்தியமாக வாய் திறக்க மாட்டார்கள். அதற்குத்தானே ஒதுங்கி நிற்கிறார்கள்.

கதவு பக்கத்தில்தான் இருந்தது.

அம்மா ஞாபகம் வந்தது. அழுகையும் வந்தது. அழுகையை விழுங்கினாள்.

துப்பட்டாவால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

திரும்பினாள்.

போனை நேருக்கு நேர் பார்த்தாள்.

“பேச்சியம்மாளுக்கு!”

அருணகிரி அண்ணன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது.

“வேலை கொடு!”

கீச்சென்ற குரல். நூறு பேர் கத்தினாலும் தனியாகத் தெரிகிற குரல்.

போன் மெதுவாக வராந்தா பக்கம் திரும்பியது.