ரெஜினாவின் கப்பல்

தொம்மையின் வள்ளம் கவிழ்ந்த அன்று, அவன் மனைவி ரெஜினா கடலோரக் காவல்படைக்குப் போன் போட்டுக் கதறினாள். ஆளில்லா ரோந்துக் கப்பல் ஒன்று உடனே தேடக் கிளம்பியது. தெரிந்த குரல் என்றால்தான் தத்தளிப்பவன் கை தூக்குவான் என்று, அது போனில் பதிவான அவள் குரலிலேயே கூப்பிட்டுக்கொண்டு போனது. அதற்குள் பக்கத்து ஊர் வள்ளக்காரர்கள் தொம்மையைத் தூக்கிக் கரை சேர்த்துவிட்டார்கள்.

கப்பல் திரும்பவில்லை. "தண்ணியில தத்தளிக்கிறவனத்தான் அதுக்குத் தெரியும். கரையில நிக்கிறவன அதுக்குத் தெரியாது" என்று காவல்படை ஆபீசில் கையை விரித்தார்கள்.

அந்தி சாய்ந்தால் அது கரையோரமாகப் போகும். "ஏங்க, எங்க இருக்கிய? நீங்க இல்லாம நான் என்ன செய்வேன்? வந்துருங்க..." ரெஜினாவின் அழுகை அலைமேல் வரும். கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனான் தொம்மை. வீட்டில் இருக்கும் ரெஜினா அப்படி அழுவதில்லை. கேஸ் தீர்ந்ததையும் பள்ளிக்கூட வேன் வராததையும்தான் பேசுவாள்.

இன்று அவளே மணலில் இறங்கி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். "ஏங்க, சோறு ஆறுது, வாங்க."

அவன் திரும்பவில்லை. சட்டையைக் கழற்றிக் கீழே போட்டான்.

"இந்தா, வந்துட்டேன்" என்றான், கடலைப் பார்த்து.