போகாத கிறீஸ்

"இண்டைக்கும் துவக்குத் துடைக்கப் போறியளோ?"

கிருசாந்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள்.

சேகர் ஜக்கெற்றைப் போட்டபடி, "ஓம். ஒரு மணித்தியாலத்தில வந்திடுவன்" என்றான்.

"இதோட ஏழாவது சனிக்கிழமை. ஒரு துவக்கில அவ்வளவு கிறீஸோ?"

"பழைய ஆமிச் சாமான். கன வருசம் பெட்டிக்குள்ள கிடந்தது. கறள் பிடிக்காமல் இருக்க அப்பி வைச்சிருக்கிறாங்கள். லேசில போகாது."

மேல்மாடியில் தனியாக இருக்கும் ஹெர் கிராமர் என்ற ஜெர்மன் கிழவரின் துவக்கு அது. சுவரில் கொழுவி அழகு பார்க்க வாங்கினாராம். குழாயை இரும்பால் அடைத்துத்தான் விற்றிருக்கிறார்கள், சுடாது. மனைவி செத்துப்போய்ச் சில நாளில் அவர் சேகரைப் படிக்கட்டில் மறித்து, "கை நடுங்குது. துடைச்சுத் தருவியோ?" என்று கேட்டார். இவனும் தலையாட்டிவிட்டான்.

அதுதான் கிருசாந்திக்கு விளங்கவேயில்லை. வருசப்பிறப்பு இரவில் பான் நகரமே பட்டாசு கொளுத்தும்போது, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற மனுசன் இவன். இவனுக்குத் துவக்கோடு என்ன வேலை?

"ஜெயமலர் அக்கா என்ன சொன்னவ தெரியுமோ? அவவின்ர மனுசன் மெசின் வேலை செய்யிறவர். சுடுதண்ணியும் மண்ணெண்ணெயும் பழந்துணியும் இருந்தால் அது அரைநாள் வேலையாம். 'உன்ர மனுசன் அங்க துவக்கைத் துடைக்கிறாரோ, மடியில வைச்சுக் கொஞ்சுறாரோ' எண்டு கேட்டுச் சிரிக்கிறா."

"சிரிக்கட்டும்."

"உங்களுக்கென்ன! அடுத்த மாதம் பிரசாவுரிமைக்கு வரச்சொல்லி ரேர்மின் குறிச்சுத் தந்திருக்கிறாங்கள். தமிழன் துவக்கோட நிக்கிறான் எண்டு ஆரும் பொலிசுக்கு எழுதிப்போட்டால்? பத்து வருசம் காத்திருந்ததெல்லாம் தண்ணியில போயிடும்."

அவன் ஜக்கெற்றின் சிப்பை இழுத்து மூடினான்.

"என்ர அண்ணாவைக் கொண்டுபோனதும் உந்தச் சனியன்தானே. அதைத் தொட்ட கையாலதானே பிள்ளையைத் தூக்குறியள்?"

சொன்ன பிறகு அவளுக்கே வாய் கசந்தது. ஆனால் சொல்லியாயிற்று.

ஒவ்வொரு சனியும் வந்தவுடன் அவன் மூன்று தரம் சோப் போட்டுக் கை கழுவுவான். தோல் சிவக்கும். அப்படியும் அன்றைக்குச் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவான். "அவ்வளவு அருவருப்பெண்டால் ஏன் போறியள்?" என்று கேட்டால் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பான்.

"அந்தாள் நல்ல மனுசனெண்டாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு நான் வடை கொண்டுபோய்க் குடுக்க, 'எனக்கு ஆரின்ர தயவும் வேண்டாம்' எண்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினவர். அவருக்கு நீங்கள் வேலைக்காரனோ? இனி வரமாட்டன் எண்டு இண்டைக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ. இல்லாட்டில் நான் பிள்ளையோட டோட்முண்டுக்கு என்ர சொந்த அக்காவிட்டப் போயிடுவன். சும்மா சொல்லேல்லை."

சேகர் குழந்தையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தி, அந்தக் கையை ஜக்கெற் பைக்குள் விட்டுக்கொண்டான். பை எதனாலோ புடைத்திருந்தது.

அவன் படியேறிப் போனான்.

வழக்கமாக இந்த நேரத்தில் மேலே இரண்டு கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு மணித்தியாலம் கிழவரின் குரல்தான். கிழமை முழுக்க வாய் திறக்காத மனுசன் அன்றைக்கு மட்டும் விடாமல் கதைப்பார். என்ன அதிகாரமோ, என்ன கட்டளையோ என்று கிருசாந்தி கீழே இருந்து பல்லைக் கடிப்பாள்.

இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

பத்து நிமிசத்தில் சேகர் திரும்பி வந்தான். கையில் ஒரு துளி அழுக்கில்லை.

"சொல்லிப்போட்டியளோ?"

"சொல்லத் தேவைப்படேல்லை. துவக்கில ஒரு பொட்டுக் கிறீசும் இல்லை. பளபளவெண்டு கிடக்கு."

"அப்பாடா! முருகா, ஒருமாதிரி முடிஞ்சுது!" அவள் கேத்திலில் தண்ணீர் பிடித்தாள். "இண்டைக்காவது கையால சாப்பிடுங்கோ."

அவன் கதிரையில் இருந்தான்.

"மணி அடிச்சன், திறக்கேல்லை. அவர் தந்து வைச்ச திறப்பால திறந்து போனன். கதிரையில இருந்தபடியே போயிட்டார், கிருசாந்தி. உடம்பு சில்லிட்டுப் போச்சு. நேற்றே போயிருக்க வேணும். அம்புலன்சுக்கு அடிச்சிட்டன். உமக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் திரும்பப் போகவேணும்."

கேத்தில் நிரம்பித் தண்ணீர் வழிந்தது. அவள் குழாயை மூட மறந்து நின்றாள்.

"அப்ப... துவக்கை ஆர் துடைச்சது?"

"நான்தான். போன சனி துடைச்சது. ஒவ்வொரு சனியும் முழுக்கத் துடைச்சு முடிச்சிட்டுத்தான் வாறனான். வெள்ளிக்கிழமை அவர் திரும்பப் பூசி வைச்சிடுவார். இந்த வெள்ளி அவருக்கு ஏலாமல் போச்சு."

"உங்களை ஏமாத்துறார் எண்டு தெரிஞ்சுகொண்டோ போனியள்?"

"ரெண்டாம் சனியே தெரியும். வேலையெண்டால்தான் அந்த மனுசன் ஒராளுக்குக் கதவு திறப்பார்."

படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சேகர் எழும்பினான். போக முதல், ஜக்கெற் பையிலிருந்து மூடி திறக்காத ஒரு புதுக் கிறீஸ் பேணியை எடுத்து மேசையில் வைத்தான்.

"அவற்ற பேணியில கிறீஸ் முடிஞ்சு அடி தட்டிட்டுது. அவருக்குத் தெரியாமல் அலுமாரிக்குள்ள வைப்பமெண்டு வாங்கினனான்."