அச்சுமுறுக்கும் மைக்ராஸ்கோப்பும்

“மேடம், இன்னைக்கு அச்சுமுறுக்கு. இப்பத்தான் எண்ணெயிலருந்து எடுத்தது” என்று பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தான் வீரபாண்டி.

வெளி அறையில் இருந்த ஒரே நாற்காலியில் சரோஜம் மேடம். கையிலிருந்த சாவிக்கொத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள். “நல்லாருக்கு சாரே” என்றாள். வீரபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பின்னே, சும்மாவா? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பல கல்லூரிகளுக்கும் பொது. புதிதாக ஆராய்ச்சிக்கு வந்தவன் அதில் தான் ஆராய்கிற பொடியை ஒரு படம் பிடித்துக்கொள்ளட்டும் என்று பல்கலைக்கழகம் சின்னதாக ஒரு கிராண்ட் கொடுத்திருந்தது. மார்ச் முடிவதற்குள் படம் எடுக்காவிட்டால் கிராண்ட் திரும்பிப் போய்விடும். அப்புறம் ஆராய்ச்சியாவது ஒன்றாவது, சாலை பஜாரில் மாமாவின் பலகாரக் கடைக் கல்லாதான். மாமா ஏற்கெனவே கல்லா நாற்காலிக்குப் புதுக் குஷன் தைத்து வைத்துவிட்டார்.

அவனுடைய கைடு அருமைநாயகம் முதல் நாளே சொல்லி அனுப்பினார். “சாமி வரம் கொடுத்தாச்சுடே. இனி பூசாரி கொடுக்கணும். அந்த ஆபரேட்டரக் குளிர வை. எப்ப எடுப்பீங்கன்னு மட்டும் வாயத் திறந்து கேட்டுராத. கேட்டவன் சாம்பிள் அடியிலதான் போகும்.”

அன்றிலிருந்து வீரபாண்டி கேட்கவில்லை, குளிரத்தான் வைக்கிறான். ஆள் கொஞ்சம் கனமாகத் தெரியட்டுமே என்று கல்லூரி லேபின் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வருவான். செருப்பைக் கழற்றுவான், ஏ.சி.யைத் திருப்பி வைப்பான், பலகாரத்தைப் பிரிப்பான். சாயங்காலம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மேடத்தின் பையைத் தூக்கிக்கொண்டு போவான்.

மேடமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், அவனுக்கென்று தனித் தூக்கில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்தாள். கோட்டில் கறி சிந்தியபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வாங்கிக்கொண்டு போய், நீலம் போட்டு வெளுத்து, இஸ்திரியோடு கொடுத்தாள். அடடா, ஆபரேட்டரில் இப்படியொரு தங்கமா என்று வீரபாண்டி உருகிப்போனான்.

நடுநடுவே கண்ணாடிக் கதவு திறக்கும். வேட்டி கட்டிய வேலாயுதன் எட்டிப் பார்ப்பார். இரண்டு பேரும் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். உள்ளே குளிருக்குச் சுகமாகத் தூங்குகிற வாட்ச்மேன் என்று வீரபாண்டி முடிவு கட்டியிருந்தான். பாவம், தின்னட்டுமே என்று அவருக்கும் இரண்டு முறுக்கு கொடுப்பான்.

இன்று மார்ச் முப்பத்தொன்று. மணி நாலு. படத்தைப் பதிந்துகொண்டு போக வாங்கிய ஃப்ளாப்பி உறைகூடப் பிரிக்காமல் சட்டைப்பையில் கிடந்தது.

“மேடம்... மெஷினுக்கு இன்னைக்கு உடம்பு எப்படி?” என்று சுற்றி வளைத்தான்.

“எனக்கு என்ன தெரியும் சாரே? அதெல்லாம் சார்தான சொல்லணும்” என்று சிரித்தாள் சரோஜம்.

என்ன ஒரு பணிவு! இவ்வளவு பெரிய மெஷினைக் கைக்குள் வைத்துக்கொண்டு இப்படிப் பேச யாருக்கு வரும்? வீரபாண்டி மேற்கொண்டு வாயைத் திறக்காமல் இன்னொரு முறுக்கை நீட்டினான்.

“வேண்டாம் சாரே, எறங்கல.” அவள் குரல் என்னவோபோல் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

நாலரைக்கு வேலாயுதன் வெளியே வந்து கண்ணாடிக் கதவைப் பூட்டினார். வீரபாண்டியின் கண்ணுக்குள் மாமாவின் குஷன் வந்து நின்றது. இனி அடியில் போனால் என்ன, மேலே போனால் என்ன, கேட்டே தீருவது என்று பைக்குள் கையை விட்டுச் சாம்பிள் டப்பாவை எடுத்தான்.

நிமிர்ந்து பார்த்தால், சரோஜத்தின் கையிலும் அதே மாதிரி ஒரு டப்பா. கண்ணெல்லாம் தண்ணீர்.

“சாரே, கேக்கக் கூடாதுன்னுதான் எங்க கைடு சார் சொல்லி விட்டாரு. ஆனாலும் கேக்கேன். இப்பமாவது என் சாம்பிளப் படம் எடுத்துத் தருவியளா? இன்னைக்கு விட்டா என் கிராண்டு போயிரும் சாரே!”

“நானா?” என்றான் வீரபாண்டி. “மேடம்... நீங்கதான ஆபரேட்டரு? அந்தச் சாவிக்கொத்து?”

“ஐயோ, அது எங்க வீட்டுச் சாவியாக்கும்! வெள்ளக் கோட்டப் போட்டுட்டு வந்து ஏ.சி.யத் திருப்பினது நீங்கதான?”

வேலாயுதன் பூட்டிலிருந்து சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டார். இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாம்பிள் உண்டாயிருந்தோ? எங்கிட்ட தந்திருந்தா அன்னைக்கே படம் எடுத்திருப்பேனே. ஏ.சி. காத்து வாங்கத்தான் வாறீங்கன்னு நெனச்சேன்!”